ஓராண்வழியும் ஒப்படைப்புக் கணக்கும்: உபதேசரத்தினமாலை வழியே தொண்டர் காப்பகங்களை ஆராய்தல்

உபதேசரத்தினமாலையை ஆழ்வார்களின் திருநக்ஷத்ரங்களையும் அவதார ஸ்தலங்களையும் ஆசார்ய நிஷ்டையின் ஏற்றத்தையும் சொல்லும் ப்ரபந்தமாக நாம் அநுஸந்தித்து வருகிறோம். அதன் நடுவே, அருளிச்செயல் வ்யாக்யானங்களைப் பற்றி மணவாளமாமுனிகள் அருளிய சில பாசுரங்கள் மற்றொரு நோக்கிலும் ஆராயத்தக்கவை. இன்ன வ்யாக்யானத்தை இன்னார் அருளினார், அதன் அளவு இவ்வளவு, அது இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்குச் சென்றது, இன்னார் அருளியவை சிலவே என்று அவை வரிசையாகச் சொல்லிச் செல்கின்றன. இக்காலத்து நூலகத்தார் ஒரு தொகுப்பைப் பெறும்போது எழுதிக்கொள்ளவேண்டியவையும் இந்நான்கே: ஆக்கியோன், அளவு, கைமாறிய வரலாறு, குறை. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓலையில் எழுதப்பட்ட ஒரு ஸ்தோத்ர நூலில் இந்நான்கும் ஒருங்கே அமைந்திருப்பது தற்செயலன்று. ஸம்ப்ரதாயம் தன் உடைமையை எவ்வாறு கணக்கிட்டுக் காத்தது என்பதற்கு அது ஸாக்ஷி.

குடும்பங்களில் எஞ்சியுள்ள ஸ்ரீகோசங்களையும் பழைய அச்சுநூல்களையும் தானமாகப் பெற்றுக் காக்கத் தொண்டர்கள் முன்வருவது இக்காலத்தின் நற்பேறு. அத்தகைய முயற்சிகளில் இடம், பொருள், படமெடுக்கும் கருவி ஆகியவை பற்றியே பெரும்பாலும் பேச்சு நிகழ்கிறது. கணக்கைப் பற்றிய பேச்சு குறைவு. ஓலை அழியாமல் இருந்தும் அது எவ்வழி வந்தது என்னும் குறிப்பு அறுந்தால், அவ்வோலை ப்ரமாணமாக நிற்கும் தகுதியில் பாதியை இழக்கிறது என்பதே இக்கட்டுரையின் ப்ரதிஜ்ஞை. அதனை முதலில் உபதேசரத்தினமாலையைக் கொண்டும் குருபரம்பரைச் செய்திகளைக் கொண்டும் நிறுவி, பின்னர் இக்காலத் தொண்டர் காப்பகங்களை அவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

பாசுரங்கள் வைத்த பதிவு

முதலில் அளவு. திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வ்யாக்யானங்களும் தம் அளவையே பெயராகக் கொண்டவை. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளியது ஆறாயிரப்படி. நஞ்சீயர் அருளியது ஒன்பதினாயிரப்படி. வாதிகேஸரி அழகியமணவாளச்சீயர் அருளியது பன்னீராயிரப்படி. பெரியவாச்சான்பிள்ளை அருளியது இருபத்துநாலாயிரப்படி. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக்கள் கொண்ட க்ரந்த அளவு. ஆகவே ஈடு என்றால் ஏறத்தாழ 11,52,000 எழுத்துக்கள். இருபத்துநாலாயிரம் ஸ்ரீராமாயணத்தின் அளவு என்றும், ஆறாயிரம் ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவு என்றும் பெரியோர் ஒப்பிட்டுச் சொல்வதும் இதனால்தான். பெயரிலேயே அளவு நிற்கும்போது, படியெடுத்தவர் ஒரு பத்தை விட்டுவிட்டாலும், ஒரு கட்டு இடையே காணாமற்போனாலும், அந்தப் பெயரே குறையைக் காட்டிக்கொடுக்கும்.

அளவைச் சொல்லும் குறிப்பு எத்துணை வலிமையுடையது என்பதற்கு ஸ்ரீமந் நாதமுனிகளின் சரித்ரத்தினும் மேலான சான்று வேண்டா. வீரநாராயணபுரத்துக்கு வந்த யாத்ரிகர்கள் ஆராவமுதப் பதிகத்தை ஸேவித்தபோது, அதன் முடிவுப் பாசுரத்தில் இப்பத்து ஓர் ஆயிரத்தைச் சேர்ந்தது என்ற செய்தி இருந்ததை அவர் கவனித்தார். மற்றவை எங்கே என்று வினவினார். அவ்வினாவே அவரைக் குடந்தைக்கும், பின் திருக்குருகூருக்கும் செலுத்தியது. பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, பன்னீராயிரம் உரு ஸேவித்து, நம்மாழ்வாரின் க்ருபையால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது நாம் அறிந்ததே. இங்கே கருதவேண்டியது ஒன்று: பத்துப் பாசுரங்கள் தம் முழுமையின் அளவைத் தாமே சொல்லியிராவிடில், அப்பத்தும் இனிய தனிப்பதிகமாகவே நின்றிருக்கும், தேடுவதற்கு ஹேதுவே இருந்திராது.

அடுத்து, கைமாறிய வரலாறு. ஈட்டின் ஸ்ரீகோசத்தை நம்பிள்ளை வாங்கி ஈயுண்ணி மாதவருக்கு அளித்ததையும், அவர் தம் குமாரருக்கு அளித்ததையும், அவர் நாலூர்ப்பிள்ளைக்கும், நாலூர்ப்பிள்ளை தம் குமாரரான நாலூராச்சான்பிள்ளைக்கும் அளித்ததையும், அவர்வழியே மேலோர் பெற்றதையும் உபதேசரத்தினமாலை இரண்டு பாசுரங்களில் சொல்லிவிடுகிறது. கை ஒவ்வொன்றும் பெயரோடு நிற்கிறது. ஆசார்யனின் முன் நியமனம் இன்றி அது எழுதப்பட்டது என்ற, சொல்லக் கூச்சமான செய்தியையும் குருபரம்பரை மறைக்கவில்லை. திருவாய்மொழிப்பிள்ளை வழியாக மாமுனிகள் ஈட்டைப் பெற்றுக் கோயிலில் ப்ரவசனம் செய்தபோது, அதன் ஒவ்வொரு வாக்யத்துக்கும் பின்னே இந்த வரிசை நின்றது.

இறுதியாகக் குறை. நஞ்சீயர் சில ப்ரபந்தங்களுக்கே வ்யாக்யானம் அருளினார் என்றும், பிள்ளை லோகாசார்யரின் திருத்தம்பியாரான அழகியமணவாளப் பெருமாள் நாயனார் அருளியவையும் சிலவே என்றும் மாமுனிகள் வெளிப்பட எழுதினார். இருப்பதைப் போற்றுவது எவருக்கும் எளிது. இல்லாததை இல்லை என்று எழுதிவைத்தால், பின்வருவோர் இல்லாத நூலைத் தேடி அலையமாட்டார்கள். ஏதேனும் ஒன்று புதிதாகத் தோன்றி அவர் பெயரைச் சூடிக்கொண்டால் ஐயுறவும் செய்வார்கள்.

இழந்ததும் மீண்டதும்

ஒன்பதினாயிரப்படியின் பட்டோலையை நன்றாகப் படியெடுத்துத் தரும்படி நஞ்சீயர் நம்பூர் வரதராஜரிடம் ஒப்படைத்தார். அவர் ஊருக்கு எடுத்துச் செல்கையில் காவிரி பெருகிவர, நீந்திக் கடக்கும்போது அது ஆற்றோடு போயிற்று. ஒரே ப்ரதி, அதுவும் போயிற்று. வரதராஜர் தாம் கேட்டிருந்ததைக் கொண்டு வெற்றோலையில் மீண்டும் எழுதி ஸமர்ப்பித்தார். நஞ்சீயர் வாசித்தபோது தாம் அருளிய பொருளோடு சில விசேஷார்த்தங்களும் கூடியிருக்கக் கண்டு, வினவி, நடந்ததை அறிந்து, உகந்து, அவரை நம்பிள்ளை என்று அழைத்தார். இச்சரித்ரத்தை நாம் நம்பிள்ளையின் மேதையைக் கொண்டாடவே சொல்கிறோம், அது தகும். ஆயினும் கோசத்தைக் காப்பவன் இதில் வேறு இரண்டைக் கேட்கவேண்டும். ஒரே ப்ரதியை ஆறு கடக்கவிடலாகாது என்பது ஒன்று. மீண்டும் எழுதப்பட்டது, மீண்டும் எழுதப்பட்டதாகவே ஸம்ப்ரதாயத்தில் பதிவாகியுள்ளது என்பது மற்றொன்று.

இரண்டாவது, பெரியாழ்வார் திருமொழி. பெரியவாச்சான்பிள்ளை அதற்கு அருளிய வ்யாக்யானத்தில் ஏறத்தாழ நானூறு பாசுரங்களின் அளவு லுப்தமாயிற்று. மாமுனிகள் விரும்பியிருப்பின் முழுமைக்கும் புதிதாக ஓர் உரை அருளியிருக்கலாம். அவர் லுப்தமான பகுதிக்கு மட்டுமே அருளினார். எஞ்சியிருந்த பெரியவாச்சான்பிள்ளையின் திருவாக்கைத் தொடவில்லை. கிழிந்ததைத் தைப்பவன் கிழியாததையும் மாற்றிவிடலாகாது என்னும் நெறியை இதனினும் நுட்பமாக எவரும் காட்டியதில்லை. இன்றும் அந்த வ்யாக்யானத்தை வாசிப்பவர் எதுவரை யாருடைய திருவாக்கு என்பதை அறிந்தே வாசிக்கிறார்.

மூன்றாவது, ச்ருதப்ரகாசிகை. 14ஆம் நூற்றாண்டில் தில்லி ஸுல்தானின் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, ஸுதர்சனஸூரி தம் இளம் புதல்வர்களோடு அந்த ஸ்ரீகோசத்தையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார் என்பது ஐதிஹ்யம். ஸ்ரீபாஷ்யத்தின் பெருவ்யாக்யானம் பிழைத்தது, ஆபத்து வந்தபோது அடுத்த கை எது என்பது தெளிவாயிருந்ததால்.

வெள்ளமும் செல்லும் படையும் செய்த அழிவோடு நல்லெண்ணம் செய்த அழிவும் உண்டு. உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகளைத் தேடிச் சென்றதைச் சொல்கிறார். அங்கே குவிந்து கிடந்த பழைய ஏடுகள், சாஸ்த்ரப்படி செய்வதாக எண்ணி, ஹோமத்தீயில் நெய்யோடு இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட குடும்பங்களும் இவ்வாறே எண்ணின. அவர்கள் த்ரோஹிகள் அல்லர், பக்தியோடு செய்தவர்கள். பக்தி இருந்து விதி இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்குத் தொண்டர் காப்பகம் நடத்துவோர் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது.

இக்காலத்து மூன்று முயற்சிகள்

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் தமிழ் அச்சுநூல்களையும் இதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பு சிதறிப்போகும் நிலை இருந்தது. சிகாகோப் பல்கலைக்கழகம் அதனை வாங்கிச் சென்னையிலேயே வைக்க, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றிற்று. இது தொண்டர்களால் மட்டும் நடப்பதன்று; ஊதியம் பெறும் நூலகர்களும் நுண்படச் சுருள்களும் உடைய நிறுவனம். எனினும் நம் பொருளுக்கு அது தரும் பாடம் தெளிவு. ஒருவர் திரட்டியது ஒருவர் பெயரோடு, பிரிபடாமல், ஒரே தொகுப்பாக நின்றது. எதை எதனோடு சேர்த்து வைத்தார் என்பதும் ஓர் அறிவு என்று பெற்றவர்கள் மதித்தார்கள். திரட்டியவர் காலத்துக்குப் பின் யார் என்ற வினாவுக்கு விடை மிகத் தாமதமாகவே கிடைத்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிற்று. ஸ்விட்ஸர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழைதிருத்தியும் தமிழ் நூல்களை மின்னுரையாக்கினர். நாலாயிர திவ்யப்ரபந்தமும் அவற்றுள் அடங்கும். இன்னார் உள்ளிட்டார், இன்னார் மெய்ப்புப் பார்த்தார் என்று நூலின் முகப்பிலேயே சொல்லும் வழக்கம் அத்திட்டத்தின் தலையாய சிறப்பு. ஏட்டின் முடிவில் படியெடுத்தவன் தன் பெயரை எழுதிப் பிழை பொறுக்க வேண்டுவதற்கு இது நேரான வாரிசு. ஆயினும் மின்னுரை மூலத்துக்கு நிகரன்று. எந்த அச்சுப்பதிப்பைக் கொண்டு உள்ளிடப்பட்டது என்ற வரி இல்லாத மின்னுரையை வ்யாக்யானத்தோடு ஒப்பிட முடியாது. எளிதில் வாசிக்கப் பதம் பிரிப்பதும் ஓர் உரை செய்வதே. வ்யாக்யாதாக்கள் இரண்டு வகையாகப் பதம் பிரித்தும் பாடபேதம் காட்டியும் பொருள் அருளும் இடங்களில், ஒரு பிரிப்பை மட்டும் எழுதிவிட்டால் மற்றதற்கு வாசலே அடைபடும்.

ஈழத்தில் 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த நினைவு மாறாத சமூகத்தில் 2005இல் தொடங்கியது நூலகம் என்னும் எண்ணிம நூலகம். நூலானாலும், இதழானாலும், பள்ளியின் ஆண்டுமலரானாலும், நினைவுமலரானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடரெண் தந்து, தொண்டர்கள் அதனைக் கட்டி எழுப்பினர். எரிந்த நூலகத்தின் நூல்கள் வேறெங்கும் படியாக இல்லாததால்தான் அந்த இழப்பு இழப்பாயிற்று. காவிரியில் போன பட்டோலை நமக்குச் சொல்லும் செய்தியும் அதுவே. சிறு மலரையும் துண்டுப்பிரசுரத்தையும் தள்ளாமல் எண் கொடுத்து ஏற்றதில் அத்தொண்டர்களின் விவேகம் விளங்குகிறது.

இவற்றோடு நம்மவர் முயற்சிகளை ஒப்பிடும்போது சில குறைகளைச் சொல்லாதிருக்க இயலவில்லை. பழைய நூலைப் படமெடுக்கையில் முகப்பேடும் முகவுரையும் விடுபட்டு, வ்யாக்யானம் மட்டும் வெளிவருகிறது. ஓரத்தில் உடையவர் எழுதிய அரும்பதக் குறிப்பு, அழகுக்காகப் பக்கத்தை வெட்டும்போது போய்விடுகிறது. கொடுத்த குடும்பத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் படமெடுத்தவரின் முத்திரை பக்கந்தோறும் எழுத்தின் மேலேயே படிகிறது. ஒரே பெட்டியில் வந்த கோசங்கள், ஸ்தோத்ரம் ஒரு அலமாரி, வ்யாக்யானம் ஒரு அலமாரி, ரஹஸ்யம் ஒரு அலமாரி என்று பிரிக்கப்பட்டு, எது எவர் க்ருஹத்தது என்பது ஓராண்டுக்குள் மறக்கப்படுகிறது. வீட்டுக் கணக்கோலைகளும் கடிதங்களும் க்ரந்தமல்ல என்று திருப்பித் தரப்படுகின்றன, அல்லது எறியப்படுகின்றன. இவை அனைத்தும் அன்பினால் உழைப்பவர்கள் செய்பவை, ஆகவேதான் சொல்லவேண்டியிருக்கிறது.

எல்லை ஊரின் கோசங்கள்

இக்குறைகள் பொதுவில் சிறியனவாகத் தோன்றலாம். கனகம்மாசத்திரம் போன்ற ஓர் ஊரில் வைத்து நோக்கினால் அவற்றின் கனம் தெரியும். திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் பாதையில், எவ்வுள் கிடந்தானை ஸேவித்துத் திருமலைக்கு ஏறச் செல்பவர்கள் கடந்துபோகும் ஊர் இது. மேற்கே திருக்கடிகை. சுற்றுவட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் பேசப்படும். இத்தகைய நிலத்தின் கோசங்கள் இரு வகையில் காப்பகத்தாரை ஏமாற்றவல்லவை.

முதலாவது லிபி. தமிழ் மொழியில் அமைந்த மணிப்ரவாள வ்யாக்யானங்கள் தெலுங்கு லிபியில் எழுதப்பட்டதும், 19ஆம் நூற்றாண்டில் பகவத்விஷயம் உள்ளிட்டவை சென்னையில் தெலுங்கு லிபியிலேயே அச்சானதும் அறிஞர்கள் அறிந்தவை. இத்தகைய ஒரு கோசம் தானமாக வரும்போது, பட்டியலில் ‘தெலுங்கு நூல்’ என்று ஒரு தொண்டர் எழுதிவிட்டால், தமிழ் வ்யாக்யானம் தேடுபவர் அதனை ஒருபோதும் காணமாட்டார். தெலுங்கு வாசிப்பவர் எடுத்துப் பார்த்துப் புரியாமல் வைத்துவிடுவார். கோசம் அலமாரியில் இருந்தே தொலைந்துபோகும். மொழிக்கு ஒரு கட்டம், லிபிக்கு ஒரு கட்டம் என்று பட்டியலில் இரண்டு வைத்தால் இந்த நஷ்டம் நேராது. க்ரந்த லிபியில் எழுதிய தமிழுக்கும் இதுவே விதி.

இரண்டாவது ஊரின் பெயரும் ஜில்லாவும். திருத்தணிப் பகுதி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911இல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு அங்கே சென்றது. எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி தமிழகத்துக்கு வந்து செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஜில்லா மூன்று முறை மாறிற்று. 1930இல் எழுதிய ஒரு ஏட்டின் முடிவில் சித்தூர் ஜில்லா என்றிருந்தால், அதனை ஆந்திரத்துக் கோசம் என்று வகைப்படுத்துவது பிழை. திருவள்ளூர் மாவட்டம் என்று திருத்தி எழுதி, ஏட்டில் இருந்ததை விட்டுவிடுவது அதனினும் பெரிய பிழை. ஏட்டில் உள்ளபடி ஒரு வரி, இன்றைய நிலை ஒரு வரி என்று இரண்டும் வேண்டும்.

காலக் குறிப்பும் அவ்வாறே. முடிவில் விகாரி வருஷம் என்று மட்டும் இருந்தால் அது 1839ஆகவும் இருக்கலாம், 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். கலியப்தமோ, சகாப்தமோ, வேறு சான்றோ இன்றி ஆங்கில ஆண்டை எழுதிவிடுவது மாமுனிகள் தொடாததைத் தொடுவதற்கு ஒப்பாகும். விகாரி என்றே எழுதி நிறுத்துக. பின்வருவோர் எழுத்தின் உருவத்தையும் ஓலையின் இயல்பையும் கொண்டு துணியட்டும்.

பூர்வபக்ஷமும் ஸமாதானமும்

இங்கே மூன்று ஆக்ஷேபங்கள் எழக்கூடும்.

கைங்கர்யத்தில் பெயர் எழுதுவது அஹங்காரத்துக்கு இடமாகாதோ, எம்பெருமான் அறிந்தால் போதாதோ என்பது முதலாவது. இது எளிதாகத் தள்ளத்தக்கதன்று; கொடுப்பவர் பலர் உண்மையாகவே தம் பெயர் வேண்டா என்பர். மாமுனிகளும் வ்யாக்யானங்களின் வரிசையில் தம் உரைகளைச் சேர்க்கவில்லை. ஆயினும் ஈடு கடந்துவந்த கைகளை அவர் பெயர்சொல்லி எழுதினார் அன்றோ? தம் பெயரைத் தாம் எழுதாமை நைச்யம். தமக்கு முன் காத்தவர் பெயரை எழுதாமை மறதி. ஆகவே பெயரைக் கல்வெட்டில் பொறிக்கவேண்டா, சுவரில் தொங்கவிடவேண்டா. வரவேட்டில் எழுதிவைத்தால் போதும். வெளியிட விரும்பாதவர் பெயரை வெளியிடாமலும் வைக்கலாம். அந்த வரி கொண்டாட்டத்துக்காக அன்று, ப்ரமாணத்துக்காக.

ரஹஸ்யார்த்தங்களை எல்லோர்க்கும் திறந்து வைக்கலாமா என்பது இரண்டாவது. ஓராண்வழியாக உபதேசித்ததும் நம் முன்னோரே. ஆசையுடையார்க்கெல்லாம் கூறும்படி வரம்பு அறுத்தவர் எம்பெருமானாரும் நம் முன்னோரே. இரண்டுக்கும் ஸம்ப்ரதாயத்தில் இடம் உண்டு. காப்பகத்தார் இதில் தாமாக ஒரு ஸித்தாந்தம் செய்யவேண்டுவதில்லை. கொடுப்பவரைக் கேட்டு, எவர் வாசிக்கலாம், எத்தனை ஆண்டுவரை இந்நிபந்தனை, பின்பு யார் முடிவு செய்வது என்று எழுதிக் கையொப்பம் பெறுவதே அவர்கள் கடமை. காலவரையறை இல்லாத நிபந்தனை, கொடுத்தவர் மறைந்தபின் எவராலும் அவிழ்க்க முடியாத முடிச்சாகிவிடும். மறைப்பதும் படியெடுக்காமல் இருப்பதும் வேறு வேறு. ஈட்டைப் போன்று வாசிப்பை ஒடுக்கி வைத்தாலும், ஒன்பதினாயிரப்படியைப் போன்று ஒற்றைப் ப்ரதியாக வைக்கலாகாது.

இவ்வளவு கணக்கும் ஊதியமின்றி ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் தொண்டர்களால் இயலுமா என்பது மூன்றாவது. இயலும், ஏற்பதைக் குறைத்தால். நூறு பெட்டிகளைப் பெற்றுப் பத்தையும் எழுதாமல் வைப்பதினும், பத்தைப் பெற்றுப் பத்தையும் எழுதிவைப்பது மேல். எழுத இயலாத பெட்டியைக் கொடுப்பவர் வீட்டிலேயே இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்வது அபசாரமாகாது. எப்படித் துணியில் சுற்றி, ஈரம்படாத இடத்தில், நெகிழித்தாளில் மூடாமல் வைப்பது என்று சொல்லிக்கொடுப்பதும் காப்பகக் கைங்கர்யமே.

ஏற்கும் போது செய்யவேண்டியவை

மேற்சொன்னவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை சுருக்கமானது. பெட்டி வந்த நாளன்றே வரவேட்டில் எண், நாள், கொடுத்தவர், அவருக்கு எவ்வழி வந்தது, நிபந்தனை ஆகியவை ஏறவேண்டும். கட்டை அவிழ்க்குமுன் இருந்த நிலையிலேயே படமெடுக்கவேண்டும்; சட்டமும் கயிறும் சுற்றிய துணியும் படத்தில் இருக்கட்டும். பின் ஓலைகளை எண்ணி, ஏட்டெண்களைச் சரிபார்த்து, எவ்வெண் இல்லை என்பதை இல்லை என்றே எழுதவேண்டும். நூற்பெயரை ஊஹித்து எழுதாமல் தொடக்கத்தையும் முடிவையும் உள்ளபடி எழுதவேண்டும். மொழியும் லிபியும் தனித்தனி. ஒரு குடும்பத்தின் தொகுப்பைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல், பட்டியலில் மட்டும் பொருள்வாரியாகக் காட்டவேண்டும்.

கணக்கோலைகளையும் கடிதங்களையும் தள்ளவேண்டா. எந்த உத்ஸவத்தில் யார் தளிகைக்குக் கொடுத்தார், எந்த ஸ்வாமி எந்த மாதத்தில் எந்த க்ரந்தம் ஸாதித்தார் என்ற செய்தி வ்யாக்யானத்தில் கிடையாது. வீட்டுக் கணக்கில் கிடைக்கும். அவற்றிலே ஜீவித்திருப்பவர்களின் ஜாதகமும் குடும்பச் செய்தியும் கலந்திருந்தால், அவற்றை மட்டும் வெளியிடாமல் பிரித்துக் குறிப்பது முறை.

சட்டம் பற்றியும் இரண்டு சொற்கள். நூலைக் கொடுப்பவர் அதன் பதிப்புரிமையையும் கொடுத்துவிடுவதில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நிற்கிறது. காஞ்சீபுரம் ப்ரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசார்யர் 1983இல் திருநாடு அலங்கரித்தார். ஆகவே அவருடைய சொந்த உரைகளுக்கு 2043 முடியும்வரை உரிமையாளர் அநுமதி வேண்டும். காத்துவைக்கப் படமெடுப்பது வேறு, உலகுக்கெல்லாம் வெளியிடுவது வேறு. 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையும் இலக்கிய, வரலாற்று மதிப்பும் உடைய கையெழுத்துச் சுவடிகளை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. அயல்நாட்டில் உள்ள உறவினர் கேட்டாலும் மூலத்தை அனுப்பலாகாது, படத்தை அனுப்பலாம்.

படங்களுக்கு மூன்று ப்ரதிகள் வேண்டும்: இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறூரில். ஆண்டுக்கொரு முறை, ஸரஸ்வதி பூஜைக்கு ஏடுகளை எடுத்து வைக்கும் நாளையே தணிக்கை நாளாகக் கொள்ளலாம். பூஜையில் வைத்த கட்டுகளை வரவேட்டோடு ஒப்பிட்டு, செல்லும் பூஞ்சையும் பற்றியவற்றைப் பிரித்து, மின்கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தால், ஆராதனமும் கணக்கும் ஒரே நாளில் நிறைவேறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பகம் கலைந்தால் இவை எவரைச் சேரும் என்ற வரி முதல் நாளிலேயே எழுதப்படவேண்டும். தொண்டர்கள் முதுமை அடைவர், ஊர் மாறுவர், கருத்து வேறுபடுவர். ஸுதர்சனஸூரிக்கு வேதாந்த தேசிகர் இருந்தார். நம் கோசங்களுக்கு யார் என்பதை ஆபத்து வந்த நாளில் தேடமுடியாது. ஒரு மடமோ, பல்கலைக்கழகமோ, அரசின் கீழ்த்திசைச் சுவடி நூலகமோ, ஒத்த நோக்குடைய மற்றொரு காப்பகமோ, எதுவாயினும் அதன் ஸம்மதத்தையும் பெற்று எழுதவேண்டும்.

நிகமனம்

வழிப்போக்கர்க்கு அன்னமிட ஒருவர் வைத்த அறத்தைக் கனகம்மாசத்திரம் என்னும் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயர் மக்களின் நாவில் தானே நிலைக்கும். எதற்காக, எந்த நிபந்தனையோடு, எவர் பொறுப்பில் கொடுக்கப்பட்டது என்பது எழுதிவைத்தால்தான் நிலைக்கும். அப்பாதையில் உள்ள ஊர்களில் ஒரு தாத்தாவின் பெட்டியைத் திறந்து, தெலுங்கு எழுத்தில் தமிழ் வ்யாக்யானத்தைக் கண்டு, யாரிடம் கொடுப்பது என்று தயங்கி நிற்கும் குடும்பத்தினர், பெற்றுக்கொள்பவர் கையில் முதலில் பார்க்கவேண்டியது படமெடுக்கும் கருவி அன்று, வரவேடு. அதில் தம் தாத்தாவின் பெயரும், அவருக்குக் கொடுத்தவர் பெயரும், இல்லாத ஓலைகளின் எண்களும் ஏறுவதைப் பார்த்தபின் அவர்கள் மனமுவந்து பெட்டியைக் கொடுக்கலாம்.